பெரிய சாலையா, உள் வீதியா, மைதானமா: பூச்சாட்டு ஊர்வலத்துக்கு அனுமதி கேட்கும் முன்

தீர்த்தக்குடம் இந்த முறை எந்த வழியாக வருவது என்று எங்கள் விழாக் குழு மூன்று தடவை கூடிப் பேசியது. திருப்பூர் மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட பழைய கிராமம் எங்களுடையது. பங்குனியில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு என்கிற ஊர்த் திருவிழா: கோயில் முன் கம்பம் என்கிற மரக்கம்பு நடுதல், கடைசியில் தீர்த்தக்குடமும் முளைப்பாரியும் ஊர்வலம், அன்று இரவு வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி. அப்பாரு காலத்தில் மாட்டு வண்டி போன தடத்தில்தான் ஊர்வலம் வரும். அந்தத் தடம் இப்போது பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் ஓடுகிற பெரிய சாலை.

பேச்சில் மூன்று யோசனைகள் வந்தன. வழக்கம்போலப் பெரிய சாலையிலேயே வருவது. ஊருக்குள் இருக்கும் வீதிகள் வழியாக வருவது. குடம் எடுப்பதைச் சிறிய அளவில் முடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் ஒரு மைதானத்துக்குள் வைத்துக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும் என்று அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்க் குழுக்களுக்கு உதவும்.

முதல் கூட்டத்திலேயே ஒரு பெரியவர், “சாமி ஊர்வலம் போறதுக்கு எதுக்குங்க அனுமதி? அது நம்ம உரிமை இல்லீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு தருகிறது. பொதுத் தெருவில் கூட்டம் நடத்துவதை அதிகாரிகள் தம் விருப்பப்படி மொத்தமாக மறுத்துவிட முடியாது, ஆனால் நெறிப்படுத்தலாம் என்று 1972இல் அகமதாபாத் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, அனுமதிக் கடிதம் ஊர்வலம் போகலாமா கூடாதா என்பதற்கானது அல்ல. எத்தனை மணிக்கு, எந்த வழியில், எத்தனை பேர் என்ற மூன்றுக்கும் நாம் எழுத்தில் தரும் வாக்கு அது. அந்த வாக்கை எந்த வழியில் காப்பாற்ற முடியுமோ அந்த வழிதான் சரியான வழி என்பது என் வாதம். கடைசி வரை அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

யாரிடம் கேட்பது என்பது ஊரைப் பொறுத்தது. கோவை, திருப்பூர், சேலம் போலக் காவல் ஆணையர் இருக்கும் மாநகரங்களில் 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம், 41ஆவது பிரிவு. ஐந்து நாட்களுக்கு முன்பாவது மனுக் கொடுக்க வேண்டும். மற்ற ஊர்களில் 1861ஆம் ஆண்டின் காவல் சட்டம், 30ஆவது பிரிவு. அங்கே மனு டிஎஸ்பி வரைக்கும் போகும். எங்கே இருந்தாலும் மனுவை முதலில் கொடுப்பது உள்ளூர் ஸ்டேஷனில்தான். ஐந்து நாள் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். ஸ்டேஷனிலிருந்து மேலே போய், போக்குவரத்துப் பிரிவின் கருத்து வாங்கித் திரும்பி வர நாளாகும். கம்பம் நடுவதற்கு ஒரு மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. கோயில் அறநிலையத்துறையின் கீழ் இருந்தால் செயல் அலுவலரின் கடிதமும் மனுவோடு சேர வேண்டும்.

சரி, பெரிய சாலை. இதன் மேல் ஊருக்கு இருக்கும் பிரியம் லேசானதல்ல. வரிசையாக மஞ்சள் சேலையில் பெண்கள், முன்னால் ஜமாப் மேளம், அதற்கு முன்னால் பெருஞ்சலங்கை ஆட்டம் என்று அகலமான சாலையில் வரும்போது பார்க்கவே மனசு நிறையும். சாலையோரக் கடைக்காரர்கள் நன்கொடையும் தருகிறார்கள், நீர்மோரும் தருகிறார்கள். கோனியம்மன் தேர் கோவை ராஜ வீதியில் வரும்போதும், ஈரோட்டில் கம்பம் எடுத்து மஞ்சள் நீர் தெளிக்கும்போதும் நகரமே அன்றைக்கு ஒதுங்கி வழி விடுகிறது. நமக்கும் அப்படி வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தத் திருவிழாக்களுக்கு நகரம் முழுக்கப் போக்குவரத்தை மாற்றிவிடுகிறார்கள். எத்தனையோ ஆண்டுகளாகப் பழகிய ஏற்பாடு அது. எங்களுக்குக் கிடைப்பது நான்கு போலீஸ்காரர்களும் ஒரு பாதிச் சாலையும்.

பெரிய சாலைக்குச் சொந்தக்காரர்களும் அதிகம். ஊர்வலத்துக்குக் காவல்துறை, வண்டிகளைத் திருப்பிவிடப் போக்குவரத்துப் பிரிவு, ஓரத்தில் ஒரு கம்பு நட வேண்டுமென்றாலும் நெடுஞ்சாலைத்துறை, தட்டியோ பிளக்ஸோ வைக்க மாநகராட்சி, கம்பிகளுக்கு மின்வாரியம். அலங்கார வளைவு வேண்டாம் என்று நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். 2017 நவம்பரில் கோவை அவினாசி சாலையில் விழாவுக்காக வளைவு கட்டிய இடத்தில் இளம் பொறியாளர் ஒருவர் இரவில் விபத்துக்குள்ளாகி இறந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அம்மனுக்கு வேப்பிலைத் தோரணம் போதும்.

இனி நேரம். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். ஒன்றரை ஷிப்டு முடிந்து ராத்திரி எட்டரைக்கு கம்பெனிகள் விட்டதும் சாலையில் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் ஊர்வலமும் சனிக்கிழமை மாலைதான் நடந்துகொண்டிருந்தது. போன முறை மனுவில் முடியும் நேரத்தை “மாலை” என்று மட்டும் எழுதினோம். ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்த வேன் தாமதம், ஜமாப் குழு இன்னொரு ஊரில் முடித்துவிட்டு வரத் தாமதம். ஊர்வலம் பெரிய சாலையைத் தொட்டபோது ஏழரை மணி. பேக்கரி முக்கில் முன் வரிசை நின்றுவிட்டது. பின்னால் வருகிறவர்களுக்கு அது தெரியாது. நடுவில் இருந்தவர்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, ஒரு அக்காவின் தலையில் இருந்த குடம் சாய்ந்து தண்ணீர் முழுக்கப் பக்கத்தில் நின்ற குழந்தை மேல் கொட்டியது. அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம்.

ஒதுங்க மனசு இருந்தது, இடம் இல்லை. ஒரு பக்கம் சென்டர் மீடியன், மறுபக்கம் நிறுத்தி வைத்த பைக்குகள். குடத்தோடு இருந்தவர்களைக் கையைப் பிடித்து ஒவ்வொருவராக மீடியன் மேல் ஏற்றினோம். ஆம்புலன்ஸ் அந்த முக்கைத் தாண்ட எத்தனை நிமிடம் ஆனது என்று நான் கணக்கிடவில்லை. உள்ளே இருந்த பெண் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தது நான். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

2025 செப்டம்பர் 27ஆம் தேதி கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடந்த அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அது வேறு வகைக் கூட்டம், நாம் அதைப்போலப் பெரிய அளவில் எதையும் நடத்தப் போவதில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எந்த ஸ்டேஷனில் மனுக் கொடுத்தாலும் முதல் கேள்வி “எத்தனை பேர் வருவாங்க?” என்பதுதான். அதற்கு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லக் கூடாது. சாலையில் வேடிக்கை பார்க்க வருகிறவர்களை எண்ணிச் சொல்லவே முடியாது. பெரிய சாலையை நான் விட்டதற்கு முதல் காரணம் அதுதான். குடம் எடுக்கிறவர்களை எண்ணலாம். கடை வாசலில் நின்று பார்க்கிறவர்களையும், ஷிப்டு முடிந்து வந்து கலந்துகொள்கிறவர்களையும் எப்படி எண்ணுவது?

உள் வீதிகளுக்கு வருகிறேன். இதில் நான் எதிர்பார்க்காத சிக்கல் ஒன்று இருந்தது. சின்ன வீதி, வண்டி குறைவு, காவல்துறை உடனே சரி என்று சொல்லிவிடும் என்று நினைத்தோம். நடந்தது வேறு. “வழக்கமான பாதைங்களா, புதுப் பாதைங்களா?” என்று கேட்டார் எஸ்ஐ. புதுப் பாதை என்றால் அவர்களுக்கு வேலை அதிகம். அந்த வீதிகளில் யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா, வேறு வழிபாட்டுத் தலம் இருக்கிறதா, பழைய மனத்தாங்கல் ஏதாவது உண்டா என்று விசாரிக்க வேண்டும். ஆட்சேபணை வந்தால் தாசில்தார் முன்னிலையில் அமைதிப் பேச்சுவார்த்தை. இதைத் தொந்தரவு என்று நினைக்கக் கூடாது. யார் வீட்டு வாசல் வழியாகப் போகிறோமோ அவரிடம் கேட்டுவிட்டுப் போவது கொங்கு நாட்டு மரியாதைதானே. நாங்கள் பாதைக்கு ஒரு படம் வரைந்து, ஒவ்வொரு வீதியிலும் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்கினோம். வடக்கு வீதியில் பள்ளிவாசல் இருக்கிறது. ஜமாத் பெரியவர்களைப் பார்த்தபோது, தொழுகை நேரத்தைச் சொல்லி, அந்த இருபது நிமிடம் மட்டும் தாளத்தை நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். காலையில் வருவதாக இருந்தால் அதுவும் தேவைப்படாது என்றார்கள். ஊர்வலத்தைக் காலைக்கு மாற்றும் யோசனை அங்கேதான் பிறந்தது.

இரண்டாவது, கம்பி. உள் வீதிகளில் மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதும் ஒரு காரணம். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். எங்கள் முளைப்பாரிச் சப்பரம் டிராக்டர் மேல் ஏறி வருவது. அதன் உச்சியில் சீரியல் செட் விளக்குகளால் ஆன ஒரு அம்மன் உருவம் வேறு.

மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்ததும் லைன்மேன் ஒருவர் வந்து எங்களோடு பாதை முழுக்க நடந்தார். குழுவில் ஒரு தம்பி உற்சாகத்தில் பச்சை மூங்கிலைத் தூக்கிக் கம்பிக்குக் கிட்டே கொண்டுபோக, “கீழ போடு சாமி! பச்சை மூங்கில்ல கரண்ட் பாயும்” என்று லைன்மேன் ஓடி வந்தார். தன்னிடம் இருந்த அளவுக் கோலை எடுத்து அவரே ஒவ்வொரு இடமாக அளந்தார். பிள்ளையார் கோயில் சந்தில்தான் எல்லாவற்றிலும் தாழ்வு. அதற்கும் கீழே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று கணக்குச் சொல்லி, சப்பரத்தின் உச்சி அதைத் தாண்டக் கூடாது, டிராக்டர் மேல் ஒருவரும் ஏறி நிற்கக் கூடாது, ஊர்வல நேரத்தில் அந்த வீதிகளுக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவோம் என்றார். அவர் சொன்ன உயரத்துக்கு ஒரு காய்ந்த மூங்கிலை அறுத்து, நுனியில் சிவப்புத் துணி கட்டிக் கொண்டுவந்துவிட்டோம்.

உள் வீதிகளின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருப்பார்கள். குடம் எடுத்து வருகிற பெண்களின் காலுக்கு வீட்டுக்கு வீடு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பெரிய சாலையின் தாரில் பங்குனி வெயிலில் வெறுங்காலோடு நடந்த பெண்களுக்கு, முன்னால் ஒரு தண்ணீர் லாரியை விட்டுச் சாலையை நனைத்துக்கொண்டே போனோம் முன்பெல்லாம். வீதியில் அது வேண்டியதில்லை. வேடிக்கை பார்ப்பவர்களும் அவரவர் வாசலில் நிற்பார்கள். கூட்டம் ஒரே இடத்தில் அடைவதில்லை. எண்ணிச் சொல்லலாம்.

மைதானம் என்ற மூன்றாவது யோசனையை இளைஞர்கள் கொண்டுவந்தார்கள். அவர்கள் கணக்கு எளிது: சுற்றுச்சுவர் இருக்கிறது, வாசல் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, சாலையை மறிக்க வேண்டாம். மாநகராட்சிப் பள்ளி மைதானத்தைத்தான் முதலில் நினைத்தார்கள். அங்கேதான் நிறைய ஊர்கள் தெரியாமல் தவறு செய்கின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படும் பகுதி. பள்ளி மைதானமே அதற்குள் வந்துவிடும். அங்கே ரேடியோ செட், அதாவது ஒலிபெருக்கி, கட்டுவதற்குக் கேட்பது வீண்.

ஒலி விதிகளைக் குழுவில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒலிபெருக்கிக்குத் தனியாக எழுத்தில் அனுமதி வேண்டும். ஊர்வல அனுமதி அதற்குப் போதாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. இசைக் கருவிகளும் இதில் அடங்கும் என்பதால் விடியற்காலை நாலு மணிக்கு ஜமாப் அடித்து ஊரை எழுப்ப முடியாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்கள் வரை நடுராத்திரி 12 மணி வரைக்கும் தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. ஸ்டேஷனில் கெஞ்சிக் கேட்டு வாங்குகிற சலுகை அல்ல அது. குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவு 45. பொது இடத்தின் எல்லையில் அந்த அளவுக்கு மேல் 10 டெசிபல், அல்லது 75, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் போகக் கூடாது. கூம்புக் குழாய் வேண்டாம், பாக்ஸ்தான் என்பது அனுமதிக் கடிதங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை. வழிபாட்டின் பெயரால் ஒலிபெருக்கி வைத்து அடுத்தவர் அமைதியைக் கெடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்று 2000ஆம் ஆண்டில் சென்னை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்கள் ரேடியோ செட்காரர் முப்பது வருசமாகக் கட்டுகிறவர். அவரே, “பத்து மணிக்கு நான் ஆஃப் பண்ணிருவனுங்க, அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது” என்றார்.

பள்ளி மைதானம் இல்லை என்றானதும் தென்னந்தோப்பை ஒட்டிய தனியார் காலியிடம் ஒன்றைப் பார்த்தோம். தனியார் இடம் என்றாலும் பொதுமக்கள் கூடுவதால் காவல்துறைக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். உரிமையாளரின் சம்மதக் கடிதம், பந்தலுக்குத் தீயணைப்புத் துறை, ஜெனரேட்டரும் வயரிங்கும் சரியாக இருப்பதற்கு உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனின் சான்று. அன்னதானத்துக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட வேண்டும். வாசல் ஒன்றுதான் இருந்தது; வேலியைப் பிரித்து இன்னொன்று விடச் சொன்னார் தீயணைப்பு நிலைய அலுவலர். உரிமையாளரும் சம்மதித்தார். வள்ளி கும்மிக்கு இப்படி ஒரு இடம் கிடைப்பது பாக்கியம். வட்டம் கட்டி ஆட மண்தரை வேண்டும். தாரில் ஆடினால் பெண்பிள்ளைகளுக்கு முழங்கால் வலிக்கிறது என்று ஆசிரியர் போன வருசமே சொன்னார்.

ஆனால் எல்லாவற்றையும் மைதானத்துக்குள் அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தீர்த்தக்குடம் வீட்டு வாசல்களைக் கடந்துதான் அம்மனிடம் போக வேண்டும். நடக்க முடியாத கிழவிகள் வாசலில் உட்கார்ந்து கும்பிடுவது அந்த ஒரு நாள்தான். அதை எடுத்துவிட்டால் பூச்சாட்டு வெறும் மேடை நிகழ்ச்சியாகிவிடும்.

கல்யாண மண்டபத்தில் வைத்துவிடலாம் என்றும் ஒரு குரல் வந்தது. மண்டபத்தின் உரிமமும் தீயணைப்புச் சான்றும் அவர்கள் பொறுப்பு, நமக்கு அலைச்சல் குறைவு; மழைக்கும் பயமில்லை. பரிசளிப்பு விழாவுக்கு மண்டபம் சரி. கம்பத்தைச் சுற்றி ஆடுகிற ஊருக்கு அது ஒத்துவராது.

மூன்றாம் கூட்டத்தில் முடிவானது இது. குடமும் முளைப்பாரியும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குக் கிளம்பி உள் வீதிகள் வழியாக 8.15க்குள் கோயிலுக்கு வந்து சேரும். பெரிய சாலையைக் குறுக்கே கடப்பது ஒரே இடத்தில், ஐம்பது ஐம்பது பேராக, போக்குவரத்துக் காவலர் கை காட்டும்போது. கும்மி அன்று மாலை 6 முதல் 9.30 வரை தோப்பு மைதானத்தில். தண்ணீர் வேன் சனிக்கிழமை இரவே வந்துவிட வேண்டும். ஜமாப் குழுவுக்கு அன்று வேறு ஊர் கூடாது என்று பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது. குடம் எடுக்கிறவர்கள் முன்னதாகப் பேர் கொடுக்க வேண்டும். நேற்று வரை 286 பேர். மஞ்சள் சட்டையில் தொண்டர்கள் நாற்பது பேர், அதில் பாதி பெண்கள். ஒவ்வொரு முக்கிலும் ஆம்புலன்ஸ் வந்தால் எந்தச் சந்தில் ஒதுங்குவது என்று பாதைப் படத்திலேயே குறித்துவிட்டோம். அந்தப் படத்தோடு மனுவைக் கொடுத்தபோது எஸ்ஐ அதை விரித்து வைத்து முழுக்கப் பார்த்தார். முடியும் நேரம் என்ற இடத்தில் விரலை வைத்து, “எட்டே கால்னு எழுதியிருக்கீங்க. எட்டே காலுங்களா?” என்று கேட்டார். ஆமாங்க என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்சம் பேருக்கு இன்னும் பெரிய சாலை இல்லையே என்ற வருத்தம் இருக்கிறது. எனக்கும் இல்லாமல் இல்லை. பிள்ளையார் கோயில் சந்தில் இருக்கும் அமுச்சி (பாட்டி) ஒருவர், “என் வாசலுக்குத் தீர்த்தம் வருதாமா சாமி? மஞ்சள் அரைச்சு வெச்சரட்டுமா?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கோயில் மண்டபத்துத் தூணில் சாத்தியிருக்கிறது. நேற்றுச் சப்பரம் கட்டுகிறவர் வந்து டிராக்டரை அதன் பக்கத்தில் நிறுத்தி அளந்தார். சீரியல் செட் அம்மனை இறக்கிவிட்டு, அதற்குக் கீழே இன்னும் ஒரு சாண் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.